அன்புக்கும் பயிற்சி வேண்டும்

(குழந்தை மற்றும் குடும்ப நலப் பணியாளர்களுக்காக நமது மருத்துவமனை வளாகத்தில் நடைபெற்ற பயிற்சி முகாமின் தொடக்க நாளில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை. நமது ஆதரவாளர்கள் சிலரும் அன்று வந்திருந்தனர். வர இயலாத அன்பர்களும் வாசிக்கும்படி அதை இங்கே வெளியிடுகிறோம்.)



இப்படி ஒரு பயிற்சி முகாம் நடக்கிறது என்று சொன்னால் நம்மில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளை வளர்ப்பதற்குக்கூடவா பயிற்சி? என் பாட்டி ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். எந்த முகாமுக்குப் போனாள்? மனதில் அன்பு இருந்தால் போதாதா?” கேட்கிறவர்கள் தவறான எண்ணத்தோடு கேட்பதில்லை. நியாயமான கேள்விதான். ஆகவே இதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, மற்றவற்றுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.

பாட்டி வளர்த்தது தன் பிள்ளைகளை. பிறந்த நாள் முதல் அவர்கள் அழுகையின் வகை அவளுக்குத் தெரியும். இது பசி அழுகை, இது தூக்க அழுகை, இது அடம் என்று அடுப்படியில் இருந்துகொண்டே சொல்லிவிடுவாள். அவளுக்கும் பயிற்சி இருந்தது. தன் தாயிடமும் மாமியாரிடமும் அண்டை வீட்டுப் பெண்களிடமும் வருஷக்கணக்கில் பெற்ற பயிற்சி அது. ஆனால் ஏழு வயதில் ஒரு இல்லத்தின் வாசலில் கொண்டுவந்து விடப்படுகிற பிள்ளையின் நிலை வேறு. அந்தப் பிள்ளையின் அழுகையை அங்கே யாருக்கும் தெரியாது. அவள் ஏன் இருட்டைக் கண்டு நடுங்குகிறாள், கையை ஓங்காமல் உயர்த்தினால்கூட ஏன் தலையைக் குனிகிறாள் என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. தாய்க்கு ஏழு வருஷத்தில் கிடைத்த அறிவை, இல்லத்தில் பணிசெய்கிற சகோதரி ஏழு நாளில் பெற வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் பயிற்சி.

சிறிய உதாரணம் ஒன்றைச் சொல்லுகிறேன். புதிதாய் வந்த ஒரு சிறுவனின் தலையணைக்கு அடியில் காய்ந்துபோன இட்லித் துண்டுகள் கிடக்கின்றன. படுக்கையில் எறும்பு. பயிற்சி இல்லாத பணியாளர் அதைத் திருட்டு என்பார். அல்லது அசிங்கம் என்பார். பிள்ளையை எல்லார் முன்னும் நிறுத்திக் கேட்பார். அவர் கெட்டவர் அல்ல; அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பயிற்சி பெற்றவரோ, பசியைக் கண்ட பிள்ளை நாளைக்குச் சோறு வரும் என்று இன்னும் நம்பவில்லை என்று புரிந்துகொள்வார். மூடியுள்ள ஒரு சிறு டப்பாவை அவன் பெயர் எழுதிக் கட்டிலருகே வைத்து, அதில் கொஞ்சம் பொரிகடலையோ பிஸ்கெட்டோ எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். பிள்ளையின் மனதில் நம்பிக்கை வளர வளர, டப்பாவில் உள்ளது தீராமல் மிஞ்சத் தொடங்கும். இரண்டு பேரிடமும் அன்பு இருந்தது. ஒருவருடைய அன்பு பிள்ளையைப் புண்படுத்தியது. மற்றவருடைய அன்பு அவனைக் குணமாக்கியது. இடையிலே இருந்தது பயிற்சி ஒன்றே.

கொதிகலன் அறையிலிருந்து வந்த மனிதர்

பயிற்சி என்றால் பட்டம் பெறுவது என்று நினைக்க வேண்டாம். சரித்திரத்திலிருந்து ஒரு சம்பவம்.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் மாநகரில் குண்டுகள் விழுந்தன. வீடிழந்த, பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளுக்காக அன்னா ஃபிராய்டு அம்மையாரும் அவருடைய தோழியரும் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற வாலிபர் 1941-ல் வேலைக்குச் சேர்ந்தார். கொதிகலனைக் கவனிப்பதும், பழுதானவற்றைச் சரிசெய்வதும் அவர் வேலை. ஆனால் அந்தக் காப்பகத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. என்ன வேலை செய்கிறவராயினும், குழந்தைகளிடம் தாம் கண்டதை அட்டைகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை என்ன செய்தது, எப்போது செய்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதே வேண்டும். தன் அபிப்பிராயம் அல்ல. பிறகு எல்லாரும் சேர்ந்து அவற்றைப் பேசுவார்கள். கொதிகலனுக்கு நெருப்பிட்டவரும் அப்படியே பார்க்கவும் எழுதவும் கற்றுக்கொண்டார்.

போர் முடிந்தபின் அவர் சமூகப் பணிக்குரிய படிப்பை முடித்து, 1948-ல் ஜான் போல்பி என்ற மனநல மருத்துவரோடு பணியில் சேர்ந்தார். மருத்துவமனைகளில் சிறு குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கவனிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்நாட்களில் அங்கே பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. தாயைக் கண்டால் பிள்ளை அழுகிறது, போனபின் அமைதியாகிவிடுகிறது. ஆகவே தாய் வராதிருப்பதே நல்லது என்று தாதியரும் மருத்துவர்களும் உண்மையாகவே நம்பினார்கள். ராபர்ட்சன் அந்த அமைதியை உற்றுப் பார்த்தார். அது ஆறுதல் அடைந்த பிள்ளையின் அமைதி அல்ல, நம்பிக்கை இழந்த பிள்ளையின் அமைதி என்று கண்டார். சொன்னால் நம்புவாரில்லை. ஆகவே சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்தார். 1952-ல் அந்தப் படத்தை மருத்துவர்கள் மத்தியில் திரையிட்டபோது பலர் கோபங்கொண்டார்கள். ஆனாலும் ஏழு ஆண்டுகள் கழித்து, 1959-ல், பிரிட்டிஷ் அரசு நியமித்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் பிள்ளையை வந்து பார்க்கலாம் என்றும், சிறு பிள்ளைகளோடு தாயும் தங்க வசதி செய்ய வேண்டும் என்றும் பரிந்துரை செய்தது.

இந்தச் சம்பவத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, பார்க்கக் கற்றுக்கொடுத்தால் யாரும் பார்ப்பார்கள். சமையற்காரரும் வாட்ச்மேனும் வேன் ஓட்டுநரும் நம் பயிற்சிக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள் அல்லர். ஞாயிறன்று மாமா வந்து பார்த்துப் போனபின் எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்பது சமையலறைக்குத்தான் முதலில் தெரியும். எந்தப் பிள்ளை கேட்டருகே போய்ப் போய் நிற்கிறான் என்பது வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். இரண்டாவது, படித்த நல்ல மனிதர்கள் அநேகர் ஒன்றுகூடி ஒரே தவற்றைப் பல ஆண்டுகள் செய்ய முடியும். அதை நிறுத்துவதற்கு, கண்டதை உள்ளபடி எழுதிவைத்த ஒருவர் தேவைப்பட்டார்.

பலர் பார்த்தும் காணாத பிள்ளை

இதற்கு நேர்மாறான சம்பவத்தையும் சொல்ல வேண்டும். கேட்பதற்கு வருத்தமாயிருக்கும். ஆனால் இந்தத் துறையில் பணிசெய்கிற யாரும் அதை அறியாதிருக்கக் கூடாது.

விக்டோரியா கிளிம்பியே என்பது அந்தப் பிள்ளையின் பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் அவளை உறவுக்காரப் பெண்மணி ஒருவரோடு அனுப்பினார்கள். 1999-ல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டாள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, தன் எட்டாவது வயதில் இறந்தாள். அவள் உடலில் 128 காயங்கள் இருந்தன. அந்த உறவுக்காரியும் அவளோடு வாழ்ந்த ஆணும் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார்கள்.

அந்தப் பிள்ளை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டவள் அல்ல. சமூக நலத்துறையினர் பார்த்தார்கள். போலீசார் அறிந்திருந்தார்கள். இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டாள். ஒரு மருத்துவமனையில் அவள் உடலிலிருந்த தழும்புகளைச் சொறி சிரங்கு என்று முடிவு செய்தார்கள். சிரங்கு தொற்றிவிடும் என்ற அச்சத்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் போகாமலிருந்ததும் நடந்தது. லார்டு லாமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003-ல் வெளிவந்தது. அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்றும், அவை தவறவிடப்பட்டன என்றும் அது காட்டியது. 108 பரிந்துரைகளைச் செய்தது. அந்தப் பிள்ளையின் கோப்பைக் கையில் வைத்திருந்த இளம் பணியாளர் அனுபவம் குறைந்தவர். அவருக்குமேல் இருந்தவர்கள் முறையாய் உட்கார்ந்து அவர் வேலையைக் கேட்டு வழிநடத்தவில்லை. தவறு அவருடையது மட்டுமல்ல, அவரைத் தனியே விட்டுவிட்ட மேலதிகாரிகளுடையதும்கூட என்பதை அந்த அறிக்கை தெளிவாக்கியது.

இது பணமும் படிப்பும் மிகுந்த நாட்டில் நடந்தது. கட்டடங்கள் இருந்தன, அதிகாரிகள் இருந்தார்கள், சட்டம் இருந்தது. பயந்த பிள்ளையின் முன்பு உட்கார்ந்து, அவளோடு அவள் மொழியில் பேசி, கண்டதைச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லை. மருத்துவமனையைச் சேர்ந்த நாமும் இதைக் கேட்டு விலகிப்போக முடியாது. எலும்பு முறிவோடும் தீக்காயத்தோடும் பிள்ளைகள் நம்மிடமும் வருகிறார்கள். கட்டுப் போடுவதோடு நம் வேலை முடிகிறதா, அல்லது “இது எப்படி நடந்தது?” என்று கேட்கவும் பதிலை எடைபோடவும் நம் செவிலியருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? இந்த முகாமில் நம் குழந்தைகள் வார்டுச் சகோதரிகளும் உட்கார்ந்திருப்பதன் காரணம் அதுவே.

நம் தேசத்தில்

நம் நாட்டிலும் இந்தச் சிந்தனை புதிதல்ல. அமெரிக்க மிஷனரியாகிய கிளிஃபர்ட் மேன்ஷார்ட் 1920-களில் பம்பாயின் நாக்பாடா பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் மத்தியில் உழைத்தார். நல்ல மனம் மட்டும் போதாது, இந்த வேலைக்கென்று ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணத்தின் பலனாக, டாடா அறக்கட்டளையின் உதவியோடு 1936-ல் சமூகப் பணிக் கல்லூரி ஒன்று உருவாயிற்று. அதன் முதல் இயக்குநரும் அவரே. இன்று அது டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-ல் சமூகப் பணிப் பள்ளி தொடங்கியது. ஆபத்திலுள்ள பிள்ளைகளுக்காக 1996-ல் மும்பையில் தொடங்கிய 1098 என்ற தொலைபேசி உதவியும் டாடா நிறுவனத்தின் களப்பணியாகப் பிறந்ததுதான். 2023 முதல் அரசே அதைத் தன் பொறுப்பில் நடத்துகிறது. எண் மாறவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுது சட்டமும் நம்மிடம் அறிவை எதிர்பார்க்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவற்ற பிள்ளை நம்மிடம் வந்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். “பாவம், இரண்டு வாரம் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்” என்பது இரக்கம்போலத் தோன்றினாலும் சட்டமீறல். ஒழுங்குபடுத்துவதற்கென்று இல்லத்தில் பிள்ளையை அடித்தால், முதல் முறை பத்தாயிரம் ரூபாய் அபராதம். மறுபடியும் செய்தால் சிறைத்தண்டனையும் வரலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததென்று அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று ஐயப்படுகிற எவரும், காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காதிருந்தால் ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை.

இவற்றை இல்லத்தில் பணிசெய்கிற சகோதரி எப்படி அறிவாள்? சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படித்துக்கொள்வாளா? ஒருவர் உட்கார்ந்து, தமிழில், அவளுக்குத் தெரிந்த உதாரணங்களோடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

“யாரிடமும் சொல்லாதீங்க, அக்கா”

சட்டத்தைவிடக் கடினமான ஒன்று உண்டு. இரவு விளக்கணைத்தபின் ஒரு பெண்பிள்ளை மெதுவாய் வந்து, “அக்கா, ஒண்ணு சொல்லணும். ஆனா யாரிடமும் சொல்லாதீங்க” என்கிறாள். அந்த ஒரு நிமிஷத்துக்கு நீங்கள் ஆயத்தமாயிருக்கிறீர்களா?

மனதிலே அன்பு மட்டும் இருந்தால் நாவிலே வருவது, “சத்தியமா சொல்லமாட்டேன்டா” என்பதுதான். காப்பாற்ற முடியாத சத்தியம் அது. மறுநாள் அதை மீறும்போது, பெரியவர்கள் எல்லாரும் ஒன்றுதான் என்று பிள்ளை முடிவுசெய்துவிடும். அல்லது அதிர்ச்சியிலே, “அவரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே!” என்று சொல்லிவிடுவோம். அந்த ஒரு சொல்லோடு பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும். மறுபடி திறக்க வருஷங்கள் ஆகலாம், திறக்காமலும் போகலாம்.

பயிற்சி பெற்றவள் என்ன செய்வாள்? அருகிலே உட்காருவாள். முகத்தில் பதற்றம் காட்டமாட்டாள். “என்னிடம் சொல்ல வந்தது நல்லதம்மா. உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கும். ஊரெல்லாம் சொல்லமாட்டேன்” என்று முன்னதாகவே உண்மையைச் சொல்லுவாள். “ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்கமாட்டாள். துருவித் துருவி விசாரிக்கமாட்டாள். விசாரிப்பது அதற்குரியவர்களின் வேலை. “இதில் உன் தவறு எதுவுமில்லை” என்பாள். அன்றிரவே பிள்ளை சொன்ன வார்த்தைகளை, தன் வார்த்தைகளால் மாற்றாமல், நேரமும் தேதியும் போட்டு எழுதிவைப்பாள். உடனே பொறுப்பாளருக்குத் தெரிவிப்பாள். பொறுப்பாளர்மீதே குற்றமிருந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இது பேச்சைக் கேட்டு வருவதல்ல. ஊசி போடுவதை நம் மருத்துவமனை மாணவிகள் நோயாளியின் கையில் முதன்முதல் பழகுவதில்லை. பொம்மையில் பழகியபின்தான் நோயாளியிடம் போகிறார்கள். பிள்ளையின் பேச்சைக் கேட்பதையும் அப்படியே பழக வேண்டும். இந்த முகாமில் ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் பணியாளராகவும் உட்கார்ந்து நடித்துப் பார்ப்பீர்கள். முதலில் சிரிப்பு வரும். வெட்கப்படாமல் செய்யுங்கள்.

வேதாகமத்தில் சிறுவன் சாமுவேலின் சம்பவம் நீங்கள் அறிந்ததே. இரவிலே மூன்று முறை எழுந்து வந்து முதியவரான ஏலியின் முன் நின்றான். ஏலி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்றாம் முறை, இதில் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்துகொண்டார். காலையில், மறைக்காமல் சொல் என்று கேட்டார். பையன் சொன்ன செய்தி ஏலியின் சொந்தக் குடும்பத்துக்கே விரோதமாயிருந்தது. ஆனாலும் அவர் அதைக் கேட்டார். குழந்தை இல்லங்களின் நிர்வாகக் குழுவில் உள்ள நாம் யாவரும் சிந்திக்க வேண்டிய இடம் இது. பிள்ளையின் வார்த்தை நம் நிறுவனத்தின் நற்பெயருக்கு விரோதமாய் வரும்போது நாம் எதைக் காப்பாற்றுவோம், பிள்ளையையா, பெயர்ப்பலகையையா? அந்த நாள் வருமுன்பே எழுத்தில் ஒழுங்குமுறை இருக்க வேண்டும். எல்லாருக்கும் அது கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிள்ளையோடு குடும்பமும்

நம் பணியின் பெயரிலேயே ‘குழந்தை மற்றும் குடும்ப நலம்’ என்று இருக்கிறது. இரண்டாவது சொல்லை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம். இல்லம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. பிள்ளைக்குக் குடும்பமே முதல் இடம்.

கணவனை இழந்த ஒரு தாய், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். “ஐயா, இவங்களை வச்சுக்கங்க” என்று அழுகிறாள். பயிற்சியில்லாத இரக்கம் உடனே இரண்டு கட்டில் போடும். பயிற்சி பெற்ற பணியாளர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, “பிள்ளைகள் உன்னோடேயே இருக்க என்ன உதவி வேண்டும்?” என்று கேட்பார். அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க வழியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எந்தச் சான்றிதழ்களோடு போக வேண்டும் என்று சொல்லி, தேவையானால் கூடவே போவார். இந்த ஒரு தகவல் தெரிந்தவர் அங்கே இருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்து, இரண்டு பிள்ளைகள் தாயின் அருகில் உறங்குவதும் உறங்காததும் தீர்மானமாகிறது. நம் பணியிலே எவ்வளவு பெரிய காரியம் எவ்வளவு சிறிய அறிவைச் சார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா!

குடும்பங்களைச் சந்திக்கும்போது நாவையும் அடக்கக் கற்க வேண்டும். குடிக்கிற தகப்பனிடமும் பிள்ளையை விட்டுப்போன தாயிடமும் குற்றம் சாட்டிப் பேசுவது எளிது. நம் வாயால் அவமானப்பட்டவர்கள் அடுத்த முறை கதவைத் திறக்கமாட்டார்கள், இழப்பு பிள்ளைக்கே.

எப்படிப்பட்ட பயிற்சி?

மூன்று நாள் முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, குழுவாய்ப் படம் எடுத்துக்கொண்டால் பயிற்சி முடிந்துவிடாது. நான் நான்கு காரியங்களை வேண்டுகிறேன்.

முதலாவது, பணியில் சேருகிற ஒவ்வொருவரும் பிள்ளைகளோடு தனியே விடப்படுமுன் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். தன்னார்வமாய் வந்து பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு மணி நேரம். அனுபவமுள்ள ஒருவர் ஒவ்வொரு பணியாளரோடும் தனித்து உட்கார்ந்து, “இந்த வாரம் எந்தப் பிள்ளையைக் குறித்து உங்களுக்குக் கவலை? எது புரியவில்லை? எங்கே கோபம் வந்தது?” என்று கேட்க வேண்டும். இதைத்தான் மேற்பார்வை என்கிறோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துச் சரிபார்ப்பது அதில் சேராது. விக்டோரியாவின் காரியத்தில் இல்லாமற்போனது இந்த ஒரு மணி நேரமே.

மூன்றாவது, எழுதுதல். பிள்ளைக்கு ஒரு நோட்டு. “நல்ல பிள்ளை”, “அடங்காதவன்” என்றெல்லாம் அதில் எழுதக் கூடாது. கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். ஒரு பணியாளர் விடுமுறையில் போனாலும், வேலையை விட்டுப் போனாலும், அந்தப் பிள்ளையைப் பற்றிய அறிவு அவரோடு போய்விடக் கூடாது.

நான்காவது, பணியாளரின் மனதைப் பேணுதல். நாள்தோறும் பிள்ளைகளின் துயரத்தைக் கேட்கிறவர் மரத்துப்போவார், அல்லது உடைந்துபோவார். இரவும் பகலும் இல்லத்திலேயே இருந்து, வாரவிடுமுறையும் இல்லாமல் உழைக்கிற சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன். அதை நாம் தியாகம் என்று பாராட்டுகிறோம். ஆனால் களைத்துப்போன தாயின் கைதான் ஓங்குகிறது. அவருக்கு ஓய்வும் நியாயமான சம்பளமும் மனம்விட்டுப் பேச ஒரு ஆளும் வேண்டும். அவை இல்லாதபோது அவர் ஓராண்டுக்குள் போய்விடுவார். பிள்ளைக்கோ, இன்னொரு ‘அம்மா’ போய்விட்டாள்.

ஆதரவாளர்களுக்கு ஒரு வார்த்தை

அன்பான ஆதரவாளர்களே, உங்கள் தாராளத்தால் அரிசி வருகிறது, கட்டில் வருகிறது, கூரை வருகிறது. நன்றியோடு நினைக்கிறோம். கட்டிலைக் கண்ணால் பார்க்கலாம்; அதிலே உங்கள் பெற்றோரின் நினைவாய்ப் பெயர் எழுதலாம். பயிற்சியில் பெயர் எழுத இடமில்லை. ஆகவே அது நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் ஒதுக்கப்பட்டு, எங்கே குறைக்கலாம் என்று பார்க்கும்போது முதலில் வெட்டப்படுகிறது. அது நிர்வாகச் செலவு அல்ல. பிள்ளையின் சோற்றைப்போல அதுவும் பிள்ளைக்குரிய செலவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “நாங்கள் உதவுகிற பிள்ளையின் படத்தைப் பத்திரிகையில் போடுங்கள்” என்று சிலர் அன்போடு கேட்கிறீர்கள். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையின் பெயரையும் படத்தையும் பள்ளியையும் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் சற்று யோசியுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போது, ‘அநாதை’ என்ற தலைப்போடு தன் படம் யாருடைய மேசையிலோ இருப்பதை விரும்புவாளா? எங்கள் பணியாளர் படம் தர மறுத்தால் நன்றியற்றவர் என்று எண்ணாதேயுங்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் நன்றாய்ப் பயிற்சி பெற்றிருக்கிறார் என்று மகிழுங்கள்.

நீங்கள் எந்த இல்லத்துக்குப் போனாலும், “எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள்? புதிதாய் வந்த பணியாளருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள்? அவர் மனக்குறையை யாரிடம் சொல்லுவார்?” என்றும் கேளுங்கள். கொடுக்கிறவர் கேட்கத் தொடங்கினால், நடத்துகிறவர்கள் பதிலைத் தேடத் தொடங்குவார்கள்.

பணியாளர்களே, உங்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்களில் சிலர் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள்; சிலர் இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கள். படிக்காததால் கூச்சப்பட வேண்டாம். அனுபவம் இருப்பதால் கேட்கத் தயங்கவும் வேண்டாம். இந்த மூன்று நாளும் தாராளமாய்க் கேள்வி கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். திரும்பிப்போய் அடுத்த வாரமே ஒன்றைச் செய்யத் தொடங்குங்கள்: ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையைப் பற்றி, நீங்கள் கண்டதை ஐந்து வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நாம் மறுபடி கூடும்போது அந்த நோட்டுகளோடு வாருங்கள். அவற்றை வைத்தே அடுத்த பயிற்சியைத் தொடங்குவோம்.

உங்கள் கைகளில் ஒப்புவிக்கப்பட்ட பிள்ளைகளையும், அவர்களுடைய குடும்பங்களையும், உங்களையும் கர்த்தர் காப்பாராக.